நர்சரிக்கு வராத செடிகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் பச்சை வலைப் பந்தல் போட்ட எந்த நர்சரியிலும் நுழைந்து "காயா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "என்ன காய் சார்?" என்று திருப்பிக் கேட்பார்கள். பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்று நாள்தோறும் பாடுகிற ஊர் இது. ஆனால் அந்தப் பூ எப்படிப்பட்ட நீலம் என்று கண்ணால் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கோடையில், இலை உதிர்ந்த கணுக்களில்கூட, கிளையின் பட்டையை ஒட்டியே கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஊதா கலந்த அடர் நீலம். மரக்காணம் பக்கத்துப் பழைய கோயில் காடுகளில் இன்றும் இருக்கிறது. பையில் போட்டு விற்பனைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

விற்பனைக்கு வருவதெல்லாம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் லாரியில், ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து. கோதாவரிக் கரையின் வண்டல் மண்ணில் பல்லாயிரக்கணக்கில் செடி வளர்த்துத் தென்னிந்தியா முழுக்க அனுப்புகிற வட்டாரம் அது. தொழில் நேர்த்தியில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே எந்தச் செடி வளரும் என்பதைத் தீர்மானிப்பது நாம்தான். குச்சி வெட்டி நட்டால் சீக்கிரம் வேர் பிடிக்க வேண்டும், பையில் இருக்கும்போதே பூக்க வேண்டும், சனிக்கிழமை வாங்கி ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசத்துக்கு வாசலில் வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். இந்தப் பரீட்சையில் காகிதப்பூ முதல் மதிப்பெண் வாங்கும். காயாக் கன்றோ தேறவே தேறாது. ஒரு வருஷம் ஆனாலும் சாண் உயரத்துக்குச் சற்று மேலே, எதிரெதிரே நாலைந்து ஜோடித் தடித்த இலைகளோடு, யாரையும் கவராமல் நிற்கும்.

சில கடைகளில் இப்போது 'நாட்டு ரகம்' என்று தனி வரிசை வைக்கிறார்கள். அதில் பாதி, நம் நாட்டுச் செடி என்ற அளவில்தான் உண்மை. நீலகிரிச் சோலையில் பனியிலும் தூறலிலும் வளர்கிற மரம் இந்தியச் செடிதான். சென்னைப் புறநகரின் மே மாத மண்ணில் அதை வைத்தால், பிரேசிலிலிருந்து வந்த செடிக்கு என்ன கதியோ அதே கதிதான். மண்ணும் மழையும் மாநில எல்லை பார்ப்பதில்லை. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி வறண்ட பசுமைமாறாக் காடு என்று ஒரு வகை உண்டு. இந்தியாவில் இந்தக் கரையோரப் பட்டையில்தான்; கடல் தாண்டினால் இலங்கையின் வறண்ட பகுதியில். ஆண்டில் பாதிக்கு மேல் மழை பெரிதாக இருக்காது. பிறகு வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தக் கணக்குக்குப் பழகிய மரங்கள் குட்டையாக, தோல் போன்ற சிறு இலைகளோடு, வெயிலிலும் பச்சையாகவே நிற்கின்றன: காயா, வீரை, உலக்கைப்பாலை, காட்டெலுமிச்சை, கருங்காலி. புதர்களில் களா, காரை, விராலி. எங்கள் தெருவுக்கு நாட்டுச் செடி என்றால் நான் இந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்குவேன்.

இதற்காக மற்ற எல்லாவற்றையும் பிடுங்கி எறியச் சொல்கிற கட்சி இல்லை நான். சிவன் கோயில்களில் பயபக்தியோடு சுற்றி வருகிறோமே நாகலிங்க மரம், அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பூவுக்குள் லிங்கமும் படமெடுத்த நாகமும் தெரிந்தன, குடியுரிமை கிடைத்துவிட்டது. வீட்டுச் செம்பருத்தியையும் யாரும் ஊர் கேட்க வேண்டாம். பிரச்சினை, வேலி தாண்டிப் போகிறவற்றோடுதான். இன்று முதுமலையில் யானை மேய வேண்டிய இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கிற உண்ணிச்செடி, வெள்ளைக்காரர்கள் அழகுக்காகத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த பூச்செடி. அண்மைக்காலத்தில் கோனோகார்பஸ் வந்தது. தண்ணீர் கேட்காது, சுவர் மாதிரிப் பச்சையாக நிற்கும் என்று சாலை நடுவிலும் அடுக்குமாடி வாசலிலும் நட்டுத் தள்ளினார்கள். 2023-இல் குஜராத் அதை நடத் தடை போட்டது. பின்னால் தமிழ்நாடும் போட்டது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த மறுநாள் சென்னைத் தெருக்களில் நடந்தவர்களுக்கு இன்னொரு பாடம் கண்முன் கிடந்தது. மயில்கொன்றை, தூங்குமூஞ்சி, இயல்வாகை என்று நிழலுக்கும் பூவுக்குமாக வந்த மரங்கள் வேரோடு சாய்ந்து வழியை மறித்துக் கிடந்தன. உள்ளூர் மரங்களும் விழத்தான் செய்தன. ஆனாலும் கடலோரக் காற்றில் பிறந்து வளர்ந்த புன்னையையும் பூவரசையும் பார்த்துவிட்டு, கட்டைக் குவியலையும் பார்த்தால், அடுத்து எதை நடுவது என்று யோசிக்க அதிக நேரம் ஆகாது.

எனக்கு இதில் பிடித்த பகுதி பூச்சிகள். ஆடுதின்னாப்பாலை என்று ஒரு கொடி, தரையோடு படரும். சாம்பல் பூத்த வட்ட இலை, கசப்பு வாடை, ஊதுகுழல் மாதிரிக் கருஞ்சிவப்புப் பூ. கரிசல் காட்டில் களை என்று கொத்திப் போடுவார்கள். ஒரு தொட்டியில் வெயிலில் வைத்திருக்கிறேன். கறுப்புச் சிறகும் சிவப்பு உடம்புமாக ஒரு பட்டாம்பூச்சி அதைத் தேடி வந்து இலையில் முட்டை வைக்கிறது. கருஞ்சிவப்பான, உடம்பெல்லாம் சதை முட்கள் கொண்ட புழு, இலையை ஓரத்திலிருந்து மென்று தண்டையும் விடுவதில்லை. செடியின் நஞ்சு அதன் உடம்பில் சேர்ந்து, பிறகு சிறகு முளைத்த பின்னும் பறவைகளிடமிருந்து காக்கிறது. சிவப்பு உடம்பு அதற்கான எச்சரிக்கைதான். தொட்டி மொட்டையாகும்; வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

வேறு நாட்டு உறவினரை வைத்து இந்த வேலையைச் சமாளிக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே குடும்பத்துத் தென் அமெரிக்கக் கொடி ஒன்றை அழகுக்காக வீடுகளில் வளர்த்தார்கள். அங்குள்ள ரிச்மண்ட் பேர்ட்விங் என்னும் பட்டாம்பூச்சி, வாசனையை நம்பி அதில் முட்டை வைக்க, பொரித்த புழுக்கள் அந்த இலையைத் தின்று செத்தன. பிறகு ஊர்க்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து, அந்த மண்ணின் சொந்தக் கொடியை வீட்டுக்கு வீடு நட வேண்டியதாயிற்று.

சரி, எங்கே வாங்குவது? வனத்துறை நாற்றங்காலில் புங்கம், நாவல், பூவரசு, மகிழம் எல்லாம் சகாயமாகக் கிடைக்கும். வீரை, காயா போன்றவற்றுக்கு ஆரோவில் பக்கம் போக வேண்டும். 1968-இல் மரமே இல்லாத செம்மண் மேட்டில் தொடங்கிய ஊர் அது. அந்த வறண்ட பசுமைமாறாக் காட்டை மீட்கப் பல ஆண்டுகளாக விதை சேர்த்துக் கன்று வளர்க்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்தப் பக்கத்து நாற்றங்கால் ஒன்றில், பைகளுக்கு நடுவே குந்தியபடி களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், இருப்பதிலேயே உயரமான கன்றாகக் கேட்டேன்.

"உயரம் எதுக்கு சார்? அடியைப் பாருங்க" என்று ஒரு பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மண்கட்டியை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். ஆணிவேர் பையின் அடியில் முட்டி, திரும்பி, வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "இது இப்படியேதான் சுத்தும். மண்ணுல வச்சாலும் கீழ எறங்காது. காத்தடிச்சா சாஞ்சிடும். சின்னதா எடுத்துக்கிட்டுப் போங்க, ஐப்பசி மழைக்கு ஓடியாந்துடும்."

அங்கே இன்னொன்றும் கேட்டுவிட வேண்டும்: விதை போட்டு வந்ததா, காட்டிலிருந்து பெயர்த்து வந்ததா? நாட்டுச் செடிக்குக் கிராக்கி கூடினால் மண்வெட்டியோடு காட்டுக்குள் போகிறவர்களும் கூடுவார்கள். மாநில மலரான செங்காந்தளின் கிழங்கைத் தோண்டி விற்பது ஏற்கனவே பழகிப்போன தொழில். காட்டைக் காலி செய்து என் வீட்டுச் சுவரோரம் ஒரு காட்டை வளர்ப்பதில் எனக்கு ஈடுபாடில்லை. பதில் மழுப்பலாக வந்தால் வாங்காமல் திரும்புவதே மேல்.

விதை என்றால் அதற்கும் காலம் உண்டு. வேம்பு, நாவல் விதைகளை டப்பாவில் போட்டு வைத்து அடுத்த வருஷம் முளைக்க வைக்க முடியாது. பழுத்து விழுந்த சில வாரங்களுக்குள் ஊன்ற வேண்டும். அதனால் நல்ல நாற்றங்காலில் எல்லாச் செடியும் எப்போதும் இருக்காது. வைகாசி, ஆனியிலேயே போய் என்ன வேண்டும் என்று சொல்லி, பேரை எழுதிக் கொடுத்து, கொஞ்சம் முன்பணமும் வைத்துவிட்டு வந்தால், விதை பொறுக்குகிறவருக்கும் நம்பி ஊன்ற ஒரு காரணம் இருக்கும். வெளிநாட்டுப் பனை ஒன்றுக்குப் பல ஆயிரம் கேட்டால் பேசாமல் எடுத்து நீட்டுகிற நாம், வீரைக் கன்றுக்குச் சொன்ன விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அந்த அம்மாவிடம் மல்லுக்கட்டுவதை மட்டுமாவது விட்டுவிடலாம்.