மேற்கு ரத வீதிக்குப் பின்னால் ஒரு வளவு

குதிரை லாடத்தின் சத்தத்தில்தான் எங்கள் சந்துக்கு விடியும். ராத்திரி வண்டியில் வந்து இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து ஜட்காக்கள் வரும். ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு நேரமாகிவிடுமோ என்று உள்ளே இருப்பவர்கள் இந்தியிலும் மராட்டியிலும் தெலுங்கிலும் பதறுவார்கள். வண்டிக்காரர் தமிழில் சமாதானம் சொல்வார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது, வண்டி மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்தச் சத்தத்தைப் பாதித் தூக்கத்தில் கேட்டுப் புரண்டு படுத்த ராமேஸ்வரத்துப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. முதலில் போனது அந்தச் சத்தம். ஜட்கா போய் ஆட்டோ வந்தது, அதில் எனக்குக் குறையில்லை. அதற்குப் பிறகு போனவைதான் மனசில் நிற்கின்றன.

மேற்கு ரத வீதிக்குப் பின்னால் எங்கள் வளவு இருந்தது. ஆறு குடித்தனம், நடுவில் ஒரு கிணறு. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் தித்திக்கும். கோயிலில் தீர்த்தம் ஊற்றும் மாமா ஒரு வீட்டில்; விசைப்படகுக்குப் போகும் அண்ணனும் மதனியும் ஒரு வீட்டில்; பூக்கட்டும் ஆத்தா, தையல்கார வாப்பாவின் குடும்பம், சங்குக் கடையில் சம்பளத்துக்கு இருந்த என் அப்பா. யாருக்கும் சொந்த வீடு கிடையாது. வாடகையை மாசம் பிறந்து பத்து நாளைக்குள் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த மாதங்களில் வீட்டுக்காரம்மா மதனியிடம் வாடகை கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனியில் மீன்பாடு வந்த பிறகு, மொத்தமாக வாங்கிக்கொள்வார். எழுதிவைத்த கணக்கு ஒன்றும் கிடையாது.

மதனியின் குரலை இப்போதும் தனியாகப் பிரித்துச் சொல்வேன். சாயங்காலமானால் முற்றத்தில் சாக்கை விரித்துச் சிப்பி மாலை கோக்க உட்கார்வார். ஆசிட்டில் அலசி, துளை போட்ட சிப்பிகள் தகர டப்பாவில் கடையிலிருந்து வந்திருக்கும். நைலான் நூலின் முனையை விளக்கில் காட்டி, உருகியதைச் சூட்டோடு விரலால் உருட்டிக் கூராக்குவார், ஊசியே வேண்டியதில்லை. பெரிய சிப்பி ஒன்று, சின்னது இரண்டு, சோழி ஒன்று, மறுபடி பெரியது. "ஏ புள்ள, எண்ணிப் போடு, அள்ளிப் போடாத," என்பார். நான் அள்ளித்தான் போடுவேன். டஜன் கணக்கில் கட்டிவைத்தால் மறுநாள் கடைப் பையன் வந்து வாங்கிப் போவான். சன்னதித் தெருவில் வடநாட்டுப் பெண்கள் அதைக் கழுத்தில் வைத்துப் பார்க்கும்போது, அது எங்கள் முற்றத்து மாலை என்று அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார்.

எது எப்போது மாறியது என்று ஒரு தேதியைக் காட்ட முடியாது. 1988-ல் சாலைப் பாலம் திறந்தபோது, இனி கார் வரும், பிழைப்பு பெருகும் என்று சந்தோஷப்பட்டோம். பெருகியதும் உண்மை. 2007-ல் அகல ரயில் பாதை வந்தது. 2017-ல் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை, அதே வருடம் பேக்கரும்பில் கலாம் நினைவிடம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம். ஒவ்வொன்றையும் நாங்கள் ஊரோடு நின்று வேடிக்கை பார்த்தோம், கை தட்டினோம். ஆனால் ஊர் ஒரு தீவு. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறு பக்கம் மன்னார் வளைகுடா, கிழக்கே போகப் போக வெறும் மணல். வருகிற கூட்டத்துக்குத் தக்கபடி நிலம் வளராது. 2011 கணக்கெடுப்பில் நகராட்சிக்குள் இருந்தவர்கள் சுமார் 45,000 பேர். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தக் கரையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு மற்றது தெரியும்.

கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒரு குடும்பம் மாதம் முழுக்க இருந்து கொடுக்கும் வாடகையை, அதே இடத்தில் நாலு அறை போட்டால் ஓர் அமாவாசைக்கு எடுத்துவிடலாம் என்ற கணக்கு எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. வீட்டுக்காரம்மா காலமான பிறகு பிள்ளைகளுக்கும் புரிந்தது. அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர்களும் வெளியூரில் வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள்தான். மரியாதையாகத்தான் சொன்னார்கள், அவகாசமும் கொடுத்தார்கள். அதற்குள் திட்டகுடி, வர்த்தகன் தெரு, நடுத்தெரு என்று அப்பா அலைந்தார். எங்கும் பத்து மாச அட்வான்ஸ், அதற்கு மேல் புரோக்கர் கமிஷன். அந்த வாடகைக்கு அப்பாவின் சம்பளம் போதவில்லை. கடைசியில் என் அண்ணன் வேலை பார்த்த சென்னைக்கே வந்துவிட்டோம்.

பள்ளிவாசல் தெருவில் கலாம் அவர்கள் பிறந்த வீடு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். இன்று மாடியில் கண்காட்சி. எங்கிருந்தெல்லாமோ வந்து வரிசையில் நின்று பார்க்கிறார்கள், எங்களுக்கு அது பெருமை. அந்த வீட்டு வாசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்று தோன்றும்: ஒரு படகுக்காரர் வீட்டுப் பையன், கோயில் அர்ச்சகர் வீட்டுப் பையனோடு கூடிப் படித்து, தெருத் தெருவாகப் பேப்பர் போட்டு வளர முடிந்தது, அந்தக் குடும்பங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று நடக்கிற தூரத்தில் குடியிருந்ததால்தான். வீட்டைக் காப்பாற்றிவிட்டோம். அந்தக் குடியிருப்பை...

மதனி முதலில் தங்கச்சிமடத்துக்குப் போனார். அங்கேயும் விலை ஏற, பாலம் தாண்டி உச்சிப்புளிப் பக்கம். படகு நிற்பது ராமேஸ்வரத்தில். அண்ணன் கடலுக்குப் போகிற நாளில் நடுச்சாமத்தில் கிளம்பி வர வேண்டும். தீர்த்தம் ஊற்றும் மாமாவும் தங்கச்சிமடத்திலிருந்துதான் வருகிறார், விடியுமுன் கோயிலில் நிற்க வேண்டும் என்பதால் பஸ்ஸை நம்பாமல் யாருடைய பைக்கிலாவது. பாம்பன் கால்வாயைத் தாண்டும் யாத்திரைக்காரர்களிடம் வரி வாங்கினான் என்பதற்காக, விஜயரகுநாத சேதுபதி தன் மருமகன் தண்டத்தேவனுக்கே மரண தண்டனை கொடுத்தார் என்றும், அவனுக்கு வாழ்க்கைப்பட்ட அக்காள் தங்கை இருவரும் உடன்கட்டை ஏற, அவர்கள் நினைவாக எழுந்தவையே அக்காள்மடமும் தங்கச்சிமடமும் என்றும் எங்கள் சீமையில் கதை சொல்வார்கள். சேதுவுக்கு வருகிறவர்கள் இளைப்பாறிப் போவதற்காக இருந்த இடங்கள். அங்கேதான் இன்று சேதுவின் ஊர்க்காரர்கள் வந்து ஒதுங்கியிருக்கிறார்கள்.

1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை எடுத்தது. அரசாங்கம் வந்தது, உயிர்ச்சேதம் எழுதினார்கள், வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தார்கள், தப்பியவர்களுக்கு ஏதோ ஒரு கணக்கு இருந்தது. வாடகை கட்டுப்படியாகாமல் ஊரை விட்டுப் போனவர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக, ஒரு மினி லாரியில் கட்டிலையும் பீரோவையும் ஏற்றிக்கொண்டு, பாலத்தைத் தாண்டிப் போயிற்று. சேர்ந்து போயிருந்தால் ஊர் கேட்டிருக்கும்.

இது எங்கள் தீவுக்கு மட்டும் வந்ததில்லை. வெனிஸும் பாலத்தால் கரையோடு சேர்ந்த தீவு நகரம்தான். 1951-ல் அந்தப் பழைய நகரத்தில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் குடியிருந்தார்கள். 2022-ல் அது 50,000-க்குக் கீழே இறங்கியது. அங்கே ஒரு மருந்துக்கடையின் கண்ணாடியில், மிச்சம் எத்தனை பேர் என்று எண் ஓடும் பலகை வைத்திருக்கிறார்கள். நம் காசியில் விஸ்வநாதர் கோயிலிலிருந்து கங்கைக்கு வழி அமைக்க நூற்றுக்கணக்கான வீடுகளை விலைக்கு வாங்கி இடித்து, 2021 டிசம்பரில் திறந்தார்கள். இங்கிருந்து மணல் அங்கே போகும், அங்கிருந்து கங்கை இங்கே வரும். இரண்டு ஊருக்கும் அப்படி ஒரு சொந்தம். இந்த வலியிலும் சொந்தமாகிவிட்டோம்.

இப்போது பெருங்களத்தூரில் ஐந்தாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர், பொத்தானை அழுத்தினால் அது சுத்தமாகும். ஒரு குறையும் சொல்ல முடியாது. எதிர்க் கதவில் இருப்பவர்களின் பெயர், கூரியர் பொட்டலம் மாறி வந்தால்தான் தெரிகிறது. என் வீட்டில் உப்பு தீர்ந்துபோனால் கடைக்குப் போகிறேன். தடைக்காலத்தில் மதனி வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை, புகை வராததை வைத்தே ஆத்தா கண்டுபிடித்து, ஒன்றும் சொல்லாமல் ஒரு கிண்ணம் குழம்பை என் கையில் கொடுத்தனுப்புவாரே, அந்தக் கண்ணுக்கு ஈடாக இந்தக் கட்டடத்தில் எதைச் சொல்ல? உங்களுக்கும் மயிலாப்பூர் மாட வீதியிலோ, மதுரை மாசி வீதியிலோ, ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலோ அப்படி ஒரு முற்றம் இருந்திருக்கும். எந்த முற்றம் என்று உங்களுக்கே தெரியும்.

அப்பாவின் திதிக்காக ஊருக்குப் போனபோது லாட்ஜில் அறை எடுத்தேன். பிறந்த ஊரில், பிறந்த தெருவுக்கு அடுத்த தெருவில். அடையாள அட்டை கேட்டார்கள். சென்னை முகவரியைப் பார்த்துவிட்டு, "முதல் தடவை வர்றீங்களா மேடம்?" என்று அந்தப் பையன் அன்பாகக் கேட்டான். அவனும் வெளியூர்தான், பரமக்குடிப் பக்கமாம். ஏழு பேராக ஓர் அறையில் தங்கியிருக்கிறானாம். எங்கள் வளவு இருந்த இடத்தில் மூன்று மாடி, வாசலில் நாலு மொழியில் பலகை. கிணற்றை மூடிப் போர் போட்டிருக்கிறார்கள்.

யாத்திரைக்காரர்கள் வர வேண்டாம் என்று ராமேஸ்வரத்தில் பிறந்த எவரும் சொல்ல மாட்டோம், அவர்களால்தான் சாப்பிட்டோம். அவர்கள் தங்குவதற்குக் கோயிலும் நகராட்சியும் அரசாங்கமும் யோசிக்கிற அளவில் ஒரு பங்கு, அவர்களுக்குத் தீர்த்தம் ஊற்றுகிறவரும் பூக்கட்டுகிறவரும் லாட்ஜில் விரிப்பு மாற்றுகிறவரும் விடியுமுன் படகேறுகிறவரும் தங்குவதற்கு யோசிக்கட்டும். தீவுக்குள்ளேயே, வேலைக்கு நடந்து போகிற தூரத்தில், கட்டுப்படியாகிற வாடகைக்கு வீடுகள் வேண்டும். எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு இனி அங்கே திரும்பும் வயதும் வழியும் இல்லை. இன்னும் போகாமல் இருக்கிறவர்களாவது அங்கே இருக்கட்டும்.