இருபதாயிரத்துக்கு வரட்டும்!

நான் பி.காம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் யாருக்காவது ஷேர் மார்க்கெட்டில் சந்தேகம் வந்தால் நேரே என் வீட்டு காலிங் பெல்லைத்தான் அழுத்துவார்கள். நானும் மார்க்கெட்டையே பெற்று வளர்த்தவன் மாதிரி விளக்குவேன்.

2017 ஜனவரியிலிருந்து மாதம் பத்தாயிரம், ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு வந்தேன். ஃப்ளாட் அட்வான்ஸுக்காக. சென்செக்ஸ் போகிற வழியில் நம் பணமும் போகும். யோசிக்கிற வேலையே இல்லை. யோசிக்காமல் இருந்த மூன்று வருஷமும் நன்றாகத்தான் இருந்தது ஸார்.

2020-ல் கொரோனா. ஜனவரியில் 42,000-த்தைத் தாண்டிய சென்செக்ஸ் பிப்ரவரி கடைசியில் சரிய ஆரம்பித்தது. மார்ச் 23, திங்கட்கிழமை. மார்க்கெட் திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பத்து சதவீதம் காலி! முக்கால் மணி நேரம் வியாபாரத்தையே நிறுத்தி வைத்தார்கள். மறுபடி திறந்தது, மறுபடி விழுந்தது. ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் சானிடைசரோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குள் விற்றால் அன்றைய விலை. ரெண்டே முக்காலுக்கு மொத்தத்தையும் விற்றேன். போட்டது 3,80,000. வந்தது 2,90,000 சொச்சம்.

விற்றதும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள்... 'இருபதாயிரத்துக்கு வரட்டும், அள்ளிடலாம்!'

அன்றைய குளோசிங் 25,981. அந்த வருஷத்திலேயே அதைவிடக் குறைந்த குளோசிங் கிடையாது. ஆக, அடிமட்டத்தை அச்சுப் பிசகாமல் பிடித்திருக்கிறேன். என்ன, வாங்க வேண்டிய இடத்தில் விற்றுவிட்டேன்.

மறுநாளே ஏறியது. அதற்கு மறுநாள் இன்னும் ஏழு சதவீதம். ஊரே அடைத்துக் கிடக்கிறது, இது எதுக்கு ஏறுது? 'சும்மா துள்ளல்' என்றேன். 30,000 வந்தது. 'இறங்கும்' என்றேன். 35,000 வந்தது. ஏப்ரல் 5 ராத்திரி நாடே விளக்கேற்றியபோது, நானும் மொட்டை மாடியில் அகல் விளக்கோடு நின்றேன். மனசுக்குள் மட்டும், 'நாளன்னிக்கு விழணும் சாமி!' எழுதவே வெட்கமாக இருக்கிறது. சாமி கேட்கவில்லை. ஏப்ரல் 7-ஆம் தேதி ஒரே நாளில் ஒன்பது சதவீதம் ஏறியது.

எனக்கு மன்னிப்பே கிடையாது. 2009 மே 18, நான் பி.காம் முடித்த சமயம். சனிக்கிழமை தேர்தல் ரிசல்ட், திங்கட்கிழமை சென்செக்ஸ் 2,110 புள்ளி ஏறி, அதாவது பதினேழு சதவீதம், அப்படியே நின்றுவிட்டது. வாங்க நினைத்தவனுக்கு மூச்சு விடக்கூட நேரமில்லை. பெரிய இறக்கமும் பெரிய ஏற்றமும் ஒரே காம்பவுண்டில் குடியிருக்கின்றன. ஒன்றுக்குப் பயந்து ஓடினால் இன்னொன்றும் போச்சு. தப்பித்து ஓடவும் நேரம் தெரியணும், திரும்பி வரவும் தெரியணும். இதையெல்லாம் தெருவுக்கே விளக்கியவன் நான்!

வீட்டில் சொல்லவில்லை. ஃப்ளாட் பேச்சு வந்தால், "இப்ப வேணாம், விலை இறங்கும்" என்று அதற்கும் அதே பாட்டு. அந்த வருஷ இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன் போடும்போது மாட்டிக்கொண்டேன்.

"என்னங்க இது, லாங் டெர்ம் லாஸ்?"

"அதை எட்டு வருஷம் வரைக்கும் தூக்கிட்டுப் போகலாம், சட்டத்துல இடமிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "போனது போகட்டும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அதற்கு பி.காமில் பதில் இல்லை.

2021 ஜனவரி 21, சென்செக்ஸ் 50,000-த்தைத் தொட்டது. சும்மா விட்டிருந்தால் என் பணம் ஐந்தரை லட்சம். பிப்ரவரியில், மனசு வெறுத்து, அந்த உயரத்தில் போய் வாங்கினேன்.

2024 ஜூன் 4. மறுபடி தேர்தல் ரிசல்ட். ஒரே நாளில் 4,389 புள்ளி இறக்கம்! என் கட்டை விரல் தானாகவே போனைத் தேடிப் போயிற்று. உள்ளே போக முடியவில்லை.

"பாஸ்வேர்டை நேத்தே மாத்திட்டேன்" என்று சமையலறையிலிருந்து குரல். "காபி சூடா இருக்கு, வந்து குடிங்க."

வெள்ளிக்கிழமை சென்செக்ஸ் புது உச்சம். பாஸ்வேர்ட் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் காலிங் பெல் அடித்து யாராவது மார்க்கெட் சந்தேகம் கேட்டால், உள்ளே திரும்பி, "உன்னைத்தான் தேடி வந்திருக்காங்க" என்கிறேன்.