இரண்டு குழாய், ஒரே வாசல்

எங்கள் அப்பா காய்கறி ஏற்றும் பழைய டொயோட்டா ஹைலக்ஸின் எக்சோஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. "மாத்துறதுதான் மாத்துறோம், ரெண்டு குழாயா போட்டுடலாம்க்கா" என்றான் தம்பி. செலவு கையைக் கடிக்கக்கூடாது என்றேன்.

வி6, வி8 இன்ஜின்களில் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக இருக்கும். புகை வெளியேற வரிசைக்கு ஒரு வாசல். அங்கே இரண்டு குழாய்க்கு வேலை உண்டு. எங்கள் வண்டியின் 4 சிலிண்டர்களும் ஒரே வரிசை, வாசலும் ஒன்றுதான். பின்னால் குழாயைப் பிரித்தால் சத்தம் கொஞ்சம் மாறும், பார்க்க எடுப்பாக இருக்கும். இழுவை அப்படியேதான் இருக்கும்.

இது தெரிந்தும் தம்பி ஆசைப்பட்டான். சைலன்சருக்குப் பின்னால் ஒரு பிரிவு, இரண்டு சாதாரண இரும்புக் குழாய்கள். துருப்பிடிக்காத எஃகு வேண்டாம் என்றதில் மிச்சமான பணத்துக்குப் புது கேஸ்கெட்டும், குழாயைத் தாங்கும் புது ரப்பர்களும் வாங்கினோம். பிரேக் குழாய் பக்கம் சூடு போகாமல் இடைவெளி விடச் சொன்னேன்.

சைலன்சரைக் கழற்ற மட்டும் நான் விடவில்லை. அப்பா விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பும்போது தாமானே தூங்கிக்கொண்டிருக்கும். சத்தம் கூடினால் ஜேபிஜே சம்மனும் வரும்.

மூட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தோம். கசியும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுபவர் அப்பா.

இரண்டு குழாய் போட நினைப்பவர்கள், முதலில் இன்ஜினில் எத்தனை வாசல் என்று குனிந்து பாருங்கள். ஒன்றுதான் என்றால், காசை மூட்டுகளில் போடுங்கள்.