ஒரிஜினல் டோனரா, கம்பேட்டிபிளா?

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் மாதச் சுற்றறிக்கையை நான்கு வருஷமாக நான்தான் அச்சடித்துக் கொடுக்கிறேன். அறுபது பிரதி, பிரதிக்கு நான்கு பக்கம். அகவிலைப்படி எவ்வளவு கூடியது, நேர்காணலுக்குக் கருவூலம் எப்போது போக வேண்டும், மருத்துவக் காப்பீட்டு அட்டை யாருக்கெல்லாம் வந்திருக்கிறது, இவைதான் விஷயம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அனுப்பத்தான் செய்கிறோம். ஆனால் எண்பதைத் தாண்டியவர்களுக்குக் காகிதம் கைக்கு வந்தால்தான் செய்தி வந்ததாக அர்த்தம்.

இதைத் தவிர இன்னொரு பக்கமும் உண்டு. உறுப்பினர் யாராவது காலமானால், அவருடைய படத்தைக் கலரில் தனித்தாளில் அச்சிட்டு, கீழே அவர் வேலை பார்த்த துறையையும் ஓய்வு பெற்ற வருஷத்தையும் எழுதி, காரியம் முடிந்தபின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்போம். பல வீடுகளில் அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். கலர் லேசர் பிரிண்டர் வாங்கியதே அந்த ஒரு பக்கத்துக்காகத்தான்.

இந்த வருஷத் தொடக்கத்தில் நான்கு டோனரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தீரும் நிலைக்கு வந்தன. எங்கள் இயந்திரத்துக்கு ஒரிஜினல் கறுப்பு 5,200 ரூபாய். நீலம், சிவப்பு, மஞ்சள் ஒவ்வொன்றும் 5,800. நான்குக்கும் 22,600. சங்கத்தில் உறுப்பினர் 110 பேர், ஆளுக்கு வருஷச் சந்தா 300 ரூபாய். ஆக, மொத்த வசூல் 33,000. அதில் மூன்றில் இரண்டு பங்கை டோனருக்கே கொடுப்பது எப்படி?

எங்கள் பொருளாளர் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்தவர். டீ செலவுக்கும் வவுச்சர் கேட்பார். "கம்பேட்டிபிள் டோனர் ஒன்று 1,700 ரூபாய்தான் சார். நாலும் சேர்த்து 6,800. யோசிக்கவே வேண்டாம்" என்றார். செயற்குழுவில் இன்னொருவர், "டூப்ளிகேட் வாங்கி மிஷினைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது.

முதலில் இந்த "டூப்ளிகேட்" என்ற சொல்லைப் பார்ப்போம். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் டோனர் விற்கும் தம்பி எனக்குப் பொறுமையாக விளக்கினார். சந்தையில் கிடைப்பது நான்கு வகை. பிரிண்டர் கம்பெனியே தன் பெயரில் விற்பது ஒரிஜினல். வேறு கம்பெனி தன் சொந்தப் பெயர் போட்டு, இன்ன பிரிண்டருக்குப் பொருந்தும் என்று எழுதி விற்பது கம்பேட்டிபிள். தீர்ந்துபோன டப்பாவில் மறுபடி தூள் நிரப்பித் தருவது ரீஃபில். ஒரிஜினல் கம்பெனியின் பெட்டியைப் போலவே அச்சடித்து, ஒட்டும் வில்லையையும் காப்பியடித்து, ஒரிஜினல் விலைக்கோ கொஞ்சம் குறைத்தோ விற்பது போலி. டூப்ளிகேட் என்று சொல்ல வேண்டியது இந்தக் கடைசி வகையை மட்டும்தான். கம்பேட்டிபிள் விற்பவர் யாரையும் ஏமாற்றவில்லை. 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் லெக்ஸ்மார்க் கம்பெனி வழக்கில், ஒரு கார்ட்ரிட்ஜை விற்ற பிறகு அதை நிரப்பி விற்பவர்மீது காப்புரிமையைக் காட்டி வழக்குப் போட முடியாது என்று தீர்ப்பளித்தது. அது அவர்கள் ஊர்ச் சட்டம். ஆனாலும் இது திருட்டுத் தொழில் இல்லை என்று புரிந்துகொள்ள உதவும்.

பிறகு, விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தேன். ஆபீசில் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மிஷினில் மை தடவி உருட்டிய தலைமுறை நாம். அங்கே மை என்றால் மைதான். டோனர் அப்படியில்லை. அது மிக நுண்ணிய பிளாஸ்டிக் தூள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்தால் அதில் ஆறேழு பங்குதான் ஒரு துகள். நிறமி, மெழுகு, மின்னூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பொருள் எல்லாம் அதற்குள் இருக்கும். லேசர் ஒளி டிரம்மின்மேல் கண்ணுக்குத் தெரியாத மின்னூட்டத்தால் எழுத்தை வரையும். தூள் அதில் ஒட்டும். பிறகு காகிதத்துக்கு மாறும். கடைசியில் சூடான உருளைகளுக்கு நடுவே போய் உருகிப் படியும்.

இதற்கெல்லாம் ஆரம்பம் 1938 அக்டோபர் 22. நியூயார்க்கில் அஸ்டோரியா என்ற பகுதியில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றி, லைகோபோடியம் என்ற சிறு செடியின் வித்துத் தூளைத் தூவி, அன்றைய தேதியையும் ஊர்ப் பெயரையும் காகிதத்தில் எடுத்தார். காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்த அவர், ஆவணங்களுக்கு நகல் எடுக்கும் தொல்லை தாங்காமல் தேடிய வழி அது. நம்மைப் போல ஒரு ஆபீஸ்காரர்தான்.

தூளின் அளவு, அது ஏற்கும் மின்னூட்டம், உருகும் சூடு மூன்றும் இயந்திரத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வெள்ளைத் தாளில் சாம்பல் படலம் விழும், அல்லது விரலால் தேய்த்தால் எழுத்து உதிரும். கறுப்பு எழுத்துக்கு இந்தப் பொருத்தம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கலரில் அப்படி இல்லை. மனித முகத்தின் நிறம் மஞ்சளும் சிவப்பும் கலந்து, கொஞ்சம் நீலமும் கறுப்பும் சேர்ந்து வருவது. அதில் ஒன்று சற்று ஏறினாலும் முகம் மாறிவிடும்.

பொருளாளரின் யோசனைப்படி ஒரு செட் கம்பேட்டிபிள் வாங்கினோம். பழைய ஒரிஜினலில் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் அதையும் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த வாரம்தான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர் காலமானார். அவர் படத்தை இரண்டு டோனரிலும் தனித்தனியாக அச்சடித்து, எது எதில் எடுத்தது என்று சொல்லாமல் பொருளாளர் முன்னால் வைத்தேன். சுற்றறிக்கையின் ஒரு பக்கத்தையும் அதேபோல் இரண்டு விதமாக எடுத்து வைத்தேன்.

எழுத்துப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "வித்தியாசம் தெரியலையே சார்" என்றார். படங்களைக் கையில் எடுத்ததும் பேச்சு நின்றது. காலமானவரோடு பதினோரு வருஷம் தினமும் காலை நடை போனவர் அவர். கம்பேட்டிபிளில் எடுத்ததில் முகம் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. கன்னத்தில் எப்போதோ காய்ச்சல் வந்தது போல ஒரு சிவப்பு. அதைக் கீழே வைத்துவிட்டு, "இது அவர் இல்லை சார்" என்றார். கணக்கைப் பற்றி அவர் அதற்குமேல் பேசவில்லை.

ஆனால் கணக்கைப் பார்க்காமல் விடவும் முடியாது. அதனால் மூன்றாவதாக ஒன்றைச் செய்து பார்த்தேன். கறுப்பு மட்டும் கம்பேட்டிபிள், மற்ற மூன்றும் ஒரிஜினல். முகம் சரியாக வந்தது. இதையே செயற்குழுவில் தீர்மானமாக எழுதினோம்.

இதில் எவ்வளவு மிச்சம் என்று கேட்பீர்கள். எங்கள் சுற்றறிக்கையில் எழுத்து நெருக்கம். ஒரிஜினல் கறுப்பில் 1,150 பக்கம் வந்தது. கம்பேட்டிபிளில் 1,000. பக்கத்துக்கு முதலாவது 4 ரூபாய் 52 காசு, இரண்டாவது 1 ரூபாய் 70 காசு. மாதம் 240 பக்கத்துக்கு 1,085 ரூபாய் ஆன இடத்தில் இப்போது 408. வருஷத்துக்கு எட்டாயிரம் ரூபாய் சங்கத்தில் நிற்கிறது. கலர் டோனர் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் செலவாவதால் நெடுநாள் வருகிறது.

அந்த நண்பர் வீட்டுக்குப் படத்தைக் கொண்டுபோனபோது பொருளாளரும் வந்தார். அந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, ஓசூரில் இருக்கும் மகனுக்கும் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். "நாளைக்கே தருகிறோம் அம்மா" என்று எனக்கு முன்னால் சொன்னவர் பொருளாளர்தான்.

வீட்டில் கலர் லேசர் வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

எழுத்து மட்டும் உள்ளதை அச்சிடும்போது கறுப்பு மட்டும் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் சில இயந்திரங்கள் கறுப்பு எழுத்திலும் கலரைக் கலக்கும். பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கு, ஒவ்வொரு நிறமும் தாளில் நூற்றுக்கு ஐந்து பங்கு இடத்தை மூடும் என்ற அளவில் சொல்வது. முழுப்பக்கப் படம் அதைப்போலப் பல மடங்கு தின்னும்.

கம்பேட்டிபிள் வாங்கினால், வேலை செய்யாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று சொல்லும் தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள். கார்ட்ரிட்ஜில் சிப் இருக்கிறது. பிரிண்டரின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பிறகு, நேற்றுவரை ஏற்றுக்கொண்டதை இயந்திரம் இன்று மறுப்பதும் உண்டு. உத்தரவாதக் காலத்தில் இருந்தால், வேறு டோனரால் வந்த பழுதைப் பற்றி அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் காகிதம் ஈரம் இழுக்கும். அப்போது எந்த டோனரானாலும் சரியாகப் படியாது. தாள் கட்டைப் பிரித்தால் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். தூள் கையில் கொட்டினால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும்.

டோனர் வாங்கக் கிளம்புமுன், நீங்கள் அச்சிடும் பக்கங்களில் எது சுவருக்குப் போகிறது, எது பழைய பேப்பர்காரருக்குப் போகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும்.