நிறத்தின் விலை

சுவர்ப்பல்லியை நாம் உற்றுநோக்குவது அரிது. அதன் தூரத்து உறவினமான சிறுத்தைப் பல்லியையோ அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கண்ணாடித் தொட்டிகளில் செல்லமாக வளர்க்கின்றனர். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் நாடுகளின் வறண்ட பாறை நிலங்கள் அதன் தாயகம். கண்களுக்கு இமை உண்டு. சுவரேறும் ஒட்டுப் பாதங்கள் இல்லை. மஞ்சள் மேனியில் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கும்.

வளர்ப்போரின் கைகளில் இவ்வொரே இனம் எத்தனையோ நிறவகைகளாகப் பெருகியுள்ளது. அவற்றை இனங்காணும் முறையைப் படிக்கப் படிக்க எனக்கு வியப்பு மிகுந்தது. குஞ்சின் உடலிலுள்ள கரும்பட்டைகள் வளர வளரச் சிதைந்து புள்ளிகளாகின்றன. முட்டை பொரிந்த வெப்பநிலையும் நிறத்தை மாற்றும்: மிகுந்த வெப்பத்தில் பொரிந்தது வெளிர்ந்திருக்கும், குறைந்த வெப்பத்தில் பொரிந்தது கறுத்திருக்கும். ஆகவே, ஒருமுறை கண்டு வகையைச் சொல்லிவிட இயலாது.

கருநிறமி இல்லாத அல்பினோ வகையில் ட்ரெம்பர், ரெயின்வாட்டர், பெல் என மூன்று மரபுகள் உள்ளன. பார்வைக்கு அவை ஒன்றுபோலவே தோன்றும். எனினும், ஒரு மரபின் அல்பினோவை மற்றொரு மரபின் அல்பினோவோடு இணைத்தால் இயல்பான நிறமுடைய குஞ்சுகளே பிறக்கின்றன. பெற்றோரின் வரலாறு தெரியாமல் பிள்ளையை அறிவது கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

என் மனத்தை உறுத்தியது 'லெமன் ஃப்ராஸ்ட்' என்னும் வகையின் கதை. 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய இதன் ஒளிரும் எலுமிச்சை நிறமும் தூய வெண்மையும் பலரைக் கவர்ந்தன. சில ஆண்டுகளில் அதன் வெண்தோலில் கட்டிகள் எழுந்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் 2021-இல் காரணத்தை வெளியிட்டனர். இவ்வகைப் பல்லிகளில் 80 விழுக்காட்டுக்கும் மேலானவற்றுக்குப் புற்றுக்கட்டி உண்டாகிறது. நிறம் ஒரு காரணத்தாலும் நோய் வேறொரு காரணத்தாலும் வந்தவை அல்ல. வெண்மை தரும் உயிரணுக்களைப் பெருக்கும் மரபணு மாற்றமே அவற்றைக் கட்டுக்கடங்காமல் வளரவும் செய்கிறது.

அழகை விரும்புவது தவறன்று. ஆயினும் நாம் வியந்து பாராட்டும் அந்த வெண்மையைச் சுமப்பது நாமல்லவே! தன் வேதனையைச் சொல்ல அதற்கு வாயுமில்லை. ஓர் உயிரை இனங்காண்பது என்றால், அதன் நிறத்துக்குப் பெயரிடுவதோடு நின்றுவிடலாமா? அது நலமாக உண்கிறதா, நடக்கிறதா, நோயின்றி வாழ்கிறதா என்று பார்ப்பதும் அந்த அறிவில் அடங்கும். இன்னும் ஒளிரும் நிறத்தை நாடி அடுத்த இணையைச் சேர்க்குமுன் வளர்ப்போர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.