தோற்றுப்போன படம், எல்லா வயதினருக்குமான படம்

1946 டிசம்பரில் வெளியான ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' போட்ட பணத்தைக்கூட எடுக்கவில்லை. ஐந்து பிரிவுகளில் ஆஸ்கருக்குப் போட்டியிட்டும் ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. கிடைத்தது, செயற்கைப் பனிக்கான ஒரு தொழில்நுட்ப விருதுதான்.

அந்தப் பனிக்கே ஒரு கதை உண்டு. அதற்கு முன்பெல்லாம் வெள்ளையடித்த கார்ன்ஃபிளேக்ஸைக் கொட்டுவார்கள். நடிகர்கள் மிதித்தால் நொறுங்கும் சத்தத்தில் வசனமே கேட்காது. காப்ராவின் குழு தீயணைப்பு நுரையில் சோப்பையும் தண்ணீரையும் கலந்து பீய்ச்சியடித்தது. படப்பிடிப்பு நடந்ததோ கோடையில்!

1974-இல் படத்தின் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போனது. அதனால் தொலைக்காட்சி நிலையங்கள் கிறிஸ்துமஸ்தோறும் இதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்ப, அமெரிக்க வீடுகளில் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து பார்க்கும் படமாகிவிட்டது.

ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் மட்டும் ஒரு படம் மனதில் தங்கிவிடாது. நாயகன் ஜார்ஜும் நாயகி மேரியும் ஒரே தொலைபேசியில் காது வைத்து நிற்கும் காட்சியைப் பாருங்கள். மறுமுனையில் நண்பன் தொழில் வாய்ப்பை அளந்துகொண்டிருக்கிறான். இவர்கள் காதில் எதுவும் ஏறவில்லை. ஜார்ஜ் கோபத்தில் அவளை உலுக்குகிறான், மேரி அழுகிறாள், அடுத்த நொடி கட்டிக்கொள்கிறார்கள். இருபது வயதுக்காரருக்கு அது காதல். நாற்பதைக் கடந்தவருக்கோ, ஊர் சுற்றும் கனவு ஒருவனின் கைநழுவும் கணம்.

உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டித் திரும்பிய, ஜார்ஜாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு, போருக்குப் பின் இதுதான் முதல் படம். மதுக்கடையில் உட்கார்ந்து அவர் கலங்கிப் பிரார்த்திக்கும் அந்த நெருக்கக் காட்சிக்கு எந்த வயதினருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை.