மே மாதம் நவம்பர் ஆனபோது

நவம்பர் 7, வெள்ளிக்கிழமை காலை. முதல் பாடலை ஓட விட்டுக் கைப்பேசியைப் பார்த்தால், பத்து பாகாட்டிலிருந்து அண்ணன் மகன் அனுப்பிய குரல் பதிவு. "அத்தை, மறுபடியும் தள்ளி வச்சிட்டானுங்க." அழாத குறை.

கல்யாணத் தேதி ஏதோ தள்ளிப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். கேம். ஜிடிஏ 6. இதற்கு முந்தைய ஐந்தாம் பாகம் வந்தது 2013 செப்டம்பரில். அப்போது இவனுக்கு வயது ஏழு. இப்போது பத்தொன்பது. ஆறாவது 2025இல் வரும் என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். அன்று விடிகாலையில், நவம்பர் 19க்கு மாற்றிவிட்டோம், இன்னும் மெருகேற்ற வேண்டியிருக்கிறது என்று அறிவித்துவிட்டார்கள்.

மறுநாள் யோங் பெங்கில் இறங்கி ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, பையன் வரவேற்பறையில் அந்தப் பிளேஸ்டேஷனைத் துணி போட்டு மூடி வைத்திருந்தான். துக்க வீடு மாதிரி. இந்த ஒரு கேமுக்காகவே ஆகஸ்டில் தவணைக்கு வாங்கியது. மாதம் 180 வெள்ளி. கல்லூரி முடிந்ததும் ஒரு துணிக்கடையில் இரவு பத்து மணிவரை நின்று சம்பாதிக்கிற காசு. அண்ணிக்கு அந்தப் பெட்டியைப் பார்த்தாலே எரிச்சல். "வராத விளையாட்டுக்கு இப்பவே மேடை கட்டிட்டான்" என்றார்.

பசியாறும்போது, தான் எழுதிய பின்னூட்டத்தைப் பெருமையாகக் காட்டினான். முதல் பாதி நியாயமாகத்தான் இருந்தது: தேதியை நம்பிக் கருவி வாங்கியவர்களுக்கு என்ன பதில்? இரண்டாம் பாதியில், அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சோம்பேறி என்று ஆரம்பித்து, அவர் குடும்பம் வரை போயிருந்தான்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே போல ஒன்றை எழுதியிருக்கிறேன்.

2020 அக்டோபர். கோலாலம்பூரில் நிபந்தனையோடு கூடிய நடமாட்டக் கட்டுப்பாடு. வானொலி நிலையம், வாடகை அறை. இந்த இரண்டைத் தவிர உலகம் இல்லை. நான் காத்திருந்தது 'சைபர்பங்க் 2077'க்காக. வார்சாவில் இருக்கும் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2012இல் அறிவித்த கேம் அது. ஏப்ரல் 16 என்றார்கள், செப்டம்பர் 17 என்றார்கள், நவம்பர் 19 என்றார்கள். (ஆமாம், அதே நவம்பர் 19. இந்தத் தேதிக்கும் எனக்கும் ஏதோ பழைய பகை.) வேலை முடிந்தது, வட்டு அச்சுக்குப் போகத் தயார் என்று அக்டோபர் தொடக்கத்தில் சொன்னார்கள். தேதி உறுதிதானே என்று ஒரு ரசிகர் கேட்டதற்கு, உறுதிதான் என்று 26ஆம் தேதி பதிலும் வந்தது. 27ஆம் தேதி மஞ்சள் நிறத்தில் ஓர் அறிவிப்பு: டிசம்பர் 10.

அந்த மஞ்சளைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. அங்கே வேலை செய்யும் ஒருவருக்கு மூன்று வரி எழுதினேன். அவற்றை இங்கே அச்சில் போட முடியாது. அந்த வாரம் அந்நிறுவனத்தின் ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல்கள் போய்க்கொண்டிருந்தன என்பதும், வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்யும்படி அவர்களுக்கு உத்தரவு போடப்பட்டிருந்தது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கொலை மிரட்டல் அனுப்பியவள் நானில்லை. ஆனால் அதே வரிசையில்தான் நின்றிருந்தேன்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது இன்னொன்று. அதே ஆண்டு நம் நாட்டு கேம் ஒன்றும் தள்ளிப்போனது. கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் நிறுவனம் உருவாக்கிய 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்'. இசைச் சண்டைதான் கதை. வாயாங் கூலிட் நிழற்பாவைகளோடு மலாய் ராப் பாடுகிற ஒரு பாத்திரம்கூட உண்டு. ஜூன் 30க்கு வரவேண்டியது, பெருந்தொற்றால் ஆகஸ்டு 25க்குப் போனது. அப்போது எனக்குக் கோபமே வரவில்லை. "பாவம், வீட்டில உட்கார்ந்து வேலை பார்க்கிறாங்க, வைஃபை வேற சரியில்ல" என்று நானே நியாயம் பேசினேன். அதே ஊர், அதே கட்டுப்பாடு. அவர்கள் என் கண்ணுக்கு மனிதர்களாகத் தெரிந்தார்கள். வார்சாவில் இருப்பவர்கள் தெரியவில்லை. அங்கேயும் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தார்கள்.

சைபர்பங்க் டிசம்பர் 10க்கு வந்தது. வந்திருக்கக் கூடாது. பழைய பிளேஸ்டேஷன் 4இல் முகங்கள் கரைந்தன, கார்கள் மண்ணுக்குள் புதைந்தன. ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை அகற்றிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. திரும்ப வைத்தது 2021 ஜூனில். நானெல்லாம் கத்திக் கேட்டு வாங்கிய தேதி அது.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். அவன் விடவில்லை. "சரி அத்தை, தள்ளி வைக்கட்டும். வந்த பிறகு துண்டு துண்டா வெட்டி விப்பானுங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

அவன் கேட்டது டிஎல்சி பற்றி. விவரம் தெரியாத பெற்றோருக்கு: கேமை வாங்கிய பிறகு, தனியாகப் பதிவிறக்கிச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதி. 2006இல் 'ஒப்லிவியன்' என்ற கேமில் குதிரைக்குக் கவசம் போட இரண்டரை அமெரிக்க டாலர் கேட்டார்கள். ரொட்டி சானாயை வைத்துவிட்டுக் குழம்புக்குத் தனிக் காசு கேட்டது போல உலகமே சிரித்தது. இன்றுவரை அது கேலிப்பொருள். இந்தக் கோபத்தில் நான் மருமகன் பக்கம்தான். முதல் நாளே முழுமையாக இருக்கவேண்டியதை அறுத்து எடுத்து விற்றால், கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் எல்லாரும் அப்படியில்லை. அதே வார்சா நிறுவனம் 2015இல் 'விட்சர் 3'க்கு 16 சிறு டிஎல்சிகளை இலவசமாகக் கொடுத்தது. அதுவும் தள்ளித் தள்ளி வந்த கேம்தான். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் நடத்தும் டீம் செர்ரியின் கதை இன்னும் வேடிக்கை. 'ஹாலோ நைட்' கேமுக்கு ஒரு டிஎல்சியாகத் தொடங்கிய வேலை வளர்ந்து வளர்ந்து, 'சில்க்சாங்' என்ற தனி கேமாகவே 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. வந்தது 2025 செப்டம்பர் 4. இடைப்பட்ட ஆண்டுகளில், இன்றும் செய்தி இல்லை என்று அறிவிப்பதற்காகவே ஒருவர் தினமும் காணொளி போட்டுக்கொண்டிருந்தார். வெளிவந்த அன்று இணையக் கடைகளே திணறின. விலை 20 அமெரிக்க டாலர்தான்.

இது கேம்காரர்களின் வியாதி மட்டுமா? 'வலிமை' ஞாபகம் இருக்கிறதா? 2019இல் தலைப்பை அறிவித்துவிட்டு அமைதியாகிவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் எல்லைக்கோட்டருகே நின்ற இங்கிலாந்து வீரர் மொயின் அலியிடம் 'வலிமை அப்டேட்' கேட்டார்கள் நம் ஆட்கள். கண்ணியம் காக்கும்படி அஜித்தே அறிக்கை விடவேண்டியதாயிற்று. படம் 2022 பிப்ரவரியில் வந்தது. அந்த நாள்களில் என் நிகழ்ச்சிக்கு அழைத்தவர்களில் பலர், பாட்டு கேட்காமல் அப்டேட்தான் கேட்டார்கள்.

அறிவிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தால் மறுபக்கமும் தெரியும். போன வருடம், இரவு எட்டு மணிக்கு ஒரு பாடகர் வருகிறார் என்று வாரம் முழுக்கக் கூவினேன். அவர் வந்த விமானம் தாமதம். காரணத்தைச் சொல்லாதே, பாட்டு போட்டுச் சமாளி என்றார்கள். இரண்டு மணி நேரம் சமாளித்தேன். "உனக்கெல்லாம் யார் மைக் கொடுத்தது?" என்று ஒருவர் குறுஞ்செய்தி அனுப்பினார். அவரும் பாவம், எட்டு மணிக்காக ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தவராம். அவர் கோபம் நியாயம். அது வந்து விழுந்த இடம் நான். காரணத்தை ஒளித்தவர்கள் வீட்டில் தூங்கியிருப்பார்கள்.

சாயங்காலம் எல்லாரும் மின்யாக் பெக்கு பக்கம் மீன் சாப்பிடப் போனோம். கல்லைக் குடைந்த பழைய கிணறு அங்கேதான் இருக்கிறது. ஊரின் பெயர்க்கதையும் அதோடு ஒட்டியது. மருமகன் காரில் பின்னிருக்கையில் கைப்பேசியைத் தட்டிக்கொண்டே வந்தான். இறங்கும்போது என்னிடம் நீட்டினான். தேதியை நம்பி வாங்கியவர்களுக்கு என்ன பதில் என்ற முதல் பாதி அப்படியே இருந்தது. ஊழியரின் பெயரும் அதற்குக் கீழே இருந்தவையும் இல்லை. "இதையும் எடுக்கச் சொல்லாதீங்க அத்தை" என்றான். சொல்லவில்லை.

"தவணை எப்ப முடியுது?" என்று கேட்டேன்.

"அடுத்த ஆகஸ்டு."

"அப்ப கேம் வர்றப்போ பெட்டி உன்னுதாயிடும்."

கொஞ்சம் யோசித்தான். "நவம்பர்லயாவது வந்தா" என்றான்.